சவுதி எங்களுக்கு மேற்கிலதானே, சேர்?

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில், சனிக்கிழமை தோறும் பின்னேரம் நான்கு மணிக்கு, தரம் 10, 11 பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்க மனமில்லாமல் தொடங்கிய வேலை. வகுப்பு முடியக் கால்மணி நேரம் இருக்கும்போது கொப்பிகளை மூடச் சொல்லிவிட்டு, பழைய பிஸ்கற் ரின் ஒன்றை நடுவில் வைப்பேன். கிழமை முழுவதும் மனதில் பட்ட கேள்விகளைப் பிள்ளைகள் துண்டுக் கடதாசியில் எழுதி அதற்குள் போட்டிருப்பார்கள். பரீட்சைக்கு வரக்கூடிய கேள்வி அதற்குள் போகக்கூடாது, பெயரும் எழுதக்கூடாது. ஆனாலும் கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

வருடத் தொடக்கத்தில் வந்த துண்டொன்றில் இவ்வளவுதான் எழுதியிருந்தது: "சவுதி எங்களுக்கு மேற்கிலதானே, சேர்? பிறகேன் மத்திய கிழக்கு எண்டு சொல்றாங்க?" எழுதிய பிள்ளையின் தாய் வீட்டு வேலைக்காக ரியாத்துக்குப் போய் மூன்று வருடமாகிறது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி வந்த எனக்கு, அதில் கிழக்கு என்று ஒரு திசை இருப்பதே அன்றைக்குத்தான் உறைத்தது.

முதுகு கழன்ற அட்லசை விரித்து வைத்து, இலண்டனில் ஒரு விரலையும் மட்டக்களப்பில் ஒரு விரலையும் ஊன்றச் சொன்னேன். ஐரோப்பாவில் நிற்பவருக்குத் துருக்கியர் ஆண்ட நாடுகள் அண்மைக் கிழக்கு, சீனாவும் யப்பானும் தூர கிழக்கு. இரண்டுக்கும் இடையில், பாரசீக வளைகுடாவைச் சுற்றிக் கிடந்த நிலத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது, அமெரிக்கக் கடற்படை அதிகாரியான அல்பிரட் தையர் மகான் 1902இல் எழுதிய கட்டுரை ஒன்றின் மூலம் மத்திய கிழக்கு என்ற சொல் பரவலாகியது. பிரித்தானியாவின் கடல் வழியை யார் கையில் விடுவது என்ற கவலையில் எழுதப்பட்ட கட்டுரை அது. அந்தப் பெயரைத் தமிழாக்கி, எங்கள் தாய்மாரை அங்கு அனுப்புகிற விண்ணப்பப் படிவம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவிலிருந்து சைக்கிளில் வருகிற பையன் ஒருவன் கையை உயர்த்தினான். "அப்ப படுவான்கரை எண்ட பேரும் எழுவான்கரை ஆக்கள் வெச்சதா, சேர்? எங்கட வீட்டில நிண்டு பார்த்தா சூரியன் உன்னிச்சைப் பக்கமாத்தானே படுது?" விறாந்தை முழுவதும் சிரிப்பு. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை; மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. வாவியின் நடுவில் தோணியை நிறுத்திப் பார்த்தால் இரண்டு பெயரும் சரியாகத்தான் இருக்கும், கரையேறினால்தான் பிரச்சினை என்றேன். கிழக்கும் மேற்கும்கூட நிலத்தின் மேடு பள்ளத்தைப் பார்த்து வந்த சொற்கள். மேற்கே மலையும் கிழக்கே தாழ்ந்த கடற்கரையும் உள்ள நாட்டில்தான் மேல், கீழ் என்ற அடிச்சொற்கள் பொருந்தும். மலை கிழக்கே இருக்கும் கேரளத்தில் மேற்குக்கு மேல் என்ற சொல் ஒத்துவராது, அவர்கள் படிஞ்ஞாறு என்கிறார்கள். அதாவது, ஞாயிறு படும் திசை. எங்கள் படுவானும் அவர்களின் படிஞ்ஞாறும் ஒரே பார்வையில் பிறந்தவை என்பது, குடி வழமைகளில் கேரளத்தின் சாயலை அடிக்கடி காண்கிற மட்டக்களப்பாருக்கு இனிக்கிற செய்தி.

அன்றிலிருந்து ரின்னுக்குள் விழுந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த வகையாகவே வரத் தொடங்கின. பெயரை வைத்தது யார், நாளை எண்ணியது யார், எங்கே நின்றுகொண்டு எண்ணினார் என்பவைதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தன. "முதலாம் உலகப் போருக்கான ஐந்து காரணங்களைத் தருக" என்று கேட்டுக் கேட்டே வயது போன எனக்கு, இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிய மாதங்களில் படித்தது அதிகம்.

இலங்கையிலிருந்து ரோமுக்குப் போனவர்கள் அங்கே எதைப் பார்த்து வியந்தார்கள் என்று ஒரு துண்டு கேட்டது. பிளினி என்ற ரோம அறிஞர் இதைப் பதிவு செய்திருக்கிறார். செங்கடற் பகுதியின் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளொகாமஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவர், அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் வரும்போது வடகாற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கைத் துறைமுகம் ஒன்றில் ஒதுங்கினார். அவரிடமிருந்த வெள்ளி நாணயங்களில் வெவ்வேறு மன்னரின் தலைகள் இருந்தும், நிறை மட்டும் ஒன்றாக இருந்ததைக் கண்டு இலங்கை அரசன் அந்த நாட்டின் நேர்மையை மெச்சி, குளோடியஸ் பேரரசரிடம் (கி.பி. 41–54) நான்கு தூதரை அனுப்பினான். தலைநகரத்தின் மாளிகைகளைப் பார்த்து வாய்பிளந்தார்கள் என்று எழுதுவார் என எதிர்பார்த்தால், அவர்களுக்கு எல்லாவற்றையும் விட அதிசயமாக இருந்தது தங்கள் நிழல் வடக்கே விழுந்ததும், சூரியன் வலப்பக்கத்தில் எழாமல் இடப்பக்கத்தில் எழுந்ததுமாம்.

இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் முகத்தில் நம்பிக்கையின்மை தெரிந்தது. எனவே ஜூன் மாத நடுவில் ஒரு சனிக்கிழமை மட்டும் வகுப்பை மதியத்துக்கு மாற்றினேன். மேசன் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தம்பி தூக்குக்குண்டு பிடித்து, ஒரு மீற்றர் தடியொன்றைச் சீமெந்து முற்றத்தில் நேராக நிறுத்தித் தந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியை வெண்கட்டியால் குறித்து வந்தோம். பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் நிழல் ஆகக் குறுகி, அடிமட்டத்தில் 28 சென்ரிமீற்றர் காட்டியது. அது விழுந்த திசை தெற்கு, நேரே காத்தான்குடிப் பக்கம். ஏப்ரல் முதற்பாதியில் எங்கள் உச்சியைக் கடக்கும் சூரியன், ஓகஸ்ட் கடைசி வரைக்கும் மதியத்தில் வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் மதியச் சூரியனைப் பார்த்து நிற்பவருக்குக் கிழக்கு வலக்கைப் பக்கம். ரோமிலோ வருடம் முழுவதும் மதியச் சூரியன் தெற்கே நிற்பதால் கிழக்கு இடக்கைப் பக்கம். தூதர்கள் கதை கட்டவில்லை. வருடத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கே பொருந்தும் ஒன்றை, எப்போதும் அப்படித்தான் என்பதுபோலப் பிளினி எழுதிவிட்டார், அவ்வளவுதான். முற்றத்தில் வெண்கட்டிக் கோடு மழை வரும் வரைக்கும் அழியாமல் கிடந்தது.

நவம்பரில் நடந்த புரட்சிக்கு ஒக்டோபர்ப் புரட்சி என்று ஏன் பெயர் என்ற கேள்வி வருடா வருடம் வருவது. எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது மிகவும் சுலபம், ஏனென்றால் சித்திரை வருடப் பிறப்புக்கு வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரமும் திருக்கணித பஞ்சாங்கம் இன்னொரு நேரமும் சொல்ல, மருத்துநீர் வைப்பது எந்த நேரத்தில் என்று வீட்டுக்குள் வாக்குவாதப்படுவதை அவர்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள். யூலியன் நாட்காட்டி ஏறக்குறைய 128 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் பிந்தியதால், பாப்பரசர் 13ஆம் கிரகரி 1582இல் ஒக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 என்று அறிவித்துப் பத்து நாளைத் தூக்கிவிட்டார். பாப்பரசர் சொன்னதைக் கேட்க மனமில்லாத பிரித்தானியா 1752 வரைக்கும் இழுத்தடித்து, செப்டெம்பர் 2க்குப் பிறகு 14 என்று பதினொரு நாளை விழுங்கியது. ரஷ்யா 1918 வரைக்கும் அசையவில்லை. ஆகவே 1917இல் பெத்ரோகிராட்டில் ஒக்டோபர் 25 ஆக இருந்த நாள் மற்ற நாடுகளில் நவம்பர் 7. புரட்சி செய்தவர்களே அடுத்த வருடம் நாட்காட்டியை மாற்றிவிட்டு, அதன்பின் ஒக்டோபர்ப் புரட்சி விழாவை நவம்பரில் கொண்டாடினார்கள்.

நான் அதிகம் தடுமாறியது இன்றைய இஸ்தான்புல்லான கொன்ஸ்தாந்திநோபிளில்தான். "ரோமப் பேரரசு 476இல் விழுந்தது எண்டு ஒரு பாடத்தில இருக்கு. 1453இல துருக்கியர் பைசாந்தியப் பேரரசைப் பிடிச்சது எண்டு இன்னொரு பாடத்தில இருக்கு. பைசாந்தியர் எங்கேயிருந்து வந்தவங்க?" இந்தத் துண்டை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வந்தன. அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை. 330இல் கொன்ஸ்தாந்தின் திறந்துவைத்த நகரில் 1453 மே 29 வரைக்கும் ஆண்டவர்கள், ஆயிரத்து நூறு வருடத்துக்கும் மேலாகத் தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். 476இல் பதவி இழந்தது மேற்குப் பாதியின் சிறுவன் ரோமுலுஸ் அகுஸ்துலுஸ் மட்டும். பேரரசு முடிந்து நூறு வருடம் கழித்து, 1557இல், ஹியரோனிமஸ் வொல்ப் என்ற ஜேர்மானிய அறிஞர் அவர்களின் வரலாற்று ஏடுகளைத் தொகுத்தபோது, நகரின் பழைய பெயரான பைசாந்தியனைத் தூசி தட்டி எடுத்துச் சூட்டிய பெயர்தான் பைசாந்தியம். செத்தவருக்குப் பிறகு பெயர்சூட்டு விழா நடந்ததுபோல.

என்னோடு படிப்பித்த காத்தான்குடி நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். தேத்தண்ணீரைக் கீழே வைக்காமலே, "இது எங்களுக்குப் புதினமில்லையே" என்றார். குர்ஆனின் 30ஆவது அத்தியாயத்தின் பெயர் அர்-ரூம். பாரசீகரிடம் ரோமர் தோற்றதைச் சொல்லித் தொடங்கும் அந்த அத்தியாயத்தில் வரும் ரோமர், இத்தாலியில் இருந்தவர்கள் அல்லர், கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்தவர்கள். பாடநூல் மறந்த பெயரை எங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல்களில் ஓதுகிறார்கள். நகரைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத் தன்னை ரூமின் கைசர், அதாவது ரோமப் பேரரசர், என்று அழைத்துக்கொண்டதையும் நண்பர்தான் நினைவூட்டினார். பேச்சு துருக்கித் தொப்பிக்குத் திரும்பியது. 1905இல் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் அப்துல் காதர் தொப்பியைக் கழற்ற மறுத்ததும், அதற்காக மருதானைப் பள்ளிவாசலில் கூட்டம் கூடியதும் நாங்கள் இருவரும் படிப்பித்த பாடம். இருபது வருடம் கழித்து, 1925இல், துருக்கியே அந்தத் தொப்பியைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது என்பதை மட்டும் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

இனிச் சொல்லப்போவது என் சொந்தத் தவறு. துருக்கியர் 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளைப் பிடித்துக் கிழக்குக்கான பாதையை அடைத்ததால்தான் ஐரோப்பியர் கடல்வழி தேடிப் புறப்பட்டார்கள் என்று எத்தனையோ வருடம் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையில் அதற்குப் புள்ளியும் கிடைக்கும். அதே வகுப்பில், கையெழுத்து அழகில்லாத ஒரு பிள்ளை கேட்டது: "போர்த்துக்கேயர் 1415இலேயே ஆபிரிக்காவில சியூட்டாவைப் பிடிச்சிட்டாங்களே, சேர்? 1453இல நடக்கப்போறது அவங்களுக்கு முதலே தெரியுமா?" தெரியாதுதான். 1434இல் அவர்கள் ஆபிரிக்க மேற்குக் கரையின் பொஜதோர் முனையைத் தாண்டிவிட்டார்கள், 1444இல் வெர்டே முனைக்குப் போய்விட்டார்கள். வெனிஸ் வணிகர் மிளகும் கறுவாவும் வாங்கியதும் கொன்ஸ்தாந்திநோபிளில் அல்ல, பெரும்பாலும் எகிப்தின் அலெக்சாந்திரியாவில். அது மம்லூக் சுல்தான்களின் கையில் இருந்தது. துருக்கியர் எகிப்தைப் பிடித்தது 1517இல். அதற்குப் பத்தொன்பது வருடம் முன்பே வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிவிட்டார், பன்னிரண்டு வருடம் முன்பே போர்த்துக்கேயர் கொழும்புக்கு வந்துவிட்டார்கள். எவரும் பாதையை அடைத்ததால் அவர்கள் புறப்படவில்லை. வெனிஸ் அடித்த இலாபத்தைத் தாங்களே அடிக்கவும், ஆபிரிக்கப் பொன்னையும் அடிமைகளையும் எடுக்கவும், முஸ்லிம்களோடு நடத்திய போரைக் கடல் கடந்து தொடரவும் புறப்பட்டார்கள். "பரீட்சையில எதை எழுதுற, சேர்?" என்று கேட்டார்கள். "1453ஐ எழுது மனே, ஆனா நம்பாத" என்றேன். ஆசிரியர் சொல்லக்கூடாத பதில்தான்.

சேர்ந்தாற்போலக் காலிக் கல்வெட்டைப் பற்றியும் சொல்ல நேர்ந்தது. 1911இல் காலியில் வீதி மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1409 பெப்ரவரித் திகதியிட்டு, சீனாவின் நான்ஜிங் நகரில் செதுக்கப்பட்டது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். ஒன்றின் மொழிபெயர்ப்பே மற்றது என்று நினைத்துத்தான் நானும் முன்பு பேசி வந்தேன். உண்மையில் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையின் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று நீளும் பட்டியல் மூவருக்கும் பெரிதும் ஒன்றாகவே இருக்கிறது. யாரும் மனம் கோணாமல் எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த மூன்றில் தமிழ் ஏன், சிங்களம் ஏன் இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டது. இதற்குப் பெருமை பேசிப் பதில் சொல்வது எங்கள் ஆட்களுக்குப் பிடித்த வேலை. ஆனால் கல் பேசுவது துறைமுகத்து வணிகரோடு, கடல் வணிகத்தின் மொழிகளில். சுமாத்திராவின் பாருஸ் பகுதியில் 1088இல் ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு தமிழில் கல்வெட்டு வைத்தது. சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281இல் சிவன் கோயிலொன்றுக்குத் தமிழிலும் சீனத்திலும் எழுதினார்கள். ஆகவே நான்ஜிங்கில் உளி பிடித்தவர்களுக்குத் தமிழ் ஒரு புதுமையே அல்ல. இவ்வளவு மரியாதையாக மூன்று தெய்வத்துக்கும் காணிக்கை வைத்த அதே செங் ஹே, அந்தப் பயணம் முடிவதற்குள், 1411 அளவில், இங்கே ஆட்சியிலிருந்த அழகேஸ்வரனோடு சண்டை பிடித்து, அவனைச் சிறைப்படுத்திச் சீனாவுக்கே கொண்டுபோய்விட்டார் என்பதையும் சொன்னேன். "அப்ப காணிக்கை எதுக்கு, சேர்?" என்ற கேள்வி அடுத்த கிழமை ரின்னுக்குள் இருந்து மூன்று வெவ்வேறு கையெழுத்தில் வந்தது.

எங்கள் ஊருக்கு ஒல்லாந்தர் முதன்முதலில் வந்த கதையை, கோட்டையைக் காட்டி எல்லோரும் சொல்வதுண்டு. எனக்குப் பிடித்தது கப்பல்களின் பெயர்தான். 1601இல் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் புறப்பட்ட மூன்று கப்பல்களின் பெயர்கள் கடா, செம்மறி, ஆட்டுக்குட்டி. ஆட்டு மந்தை போல வந்து, 1602 மே கடைசியில் மட்டக்களப்பில் நங்கூரமிட்டுக் கண்டி அரசனைப் பார்க்கப் போனார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அந்த வருடம் மார்ச் மாதம்தான், அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது, தொடங்கப்பட்டது. பிறகு 1638இல் அந்தக் கம்பனிதான் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து, போர்த்துக்கேயர் பத்து வருடம் முன் கட்டியிருந்த புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்தது. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைக் கூட்டிவந்ததை, இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியது போல என்று சிங்களவர் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பழமொழியில் மிளகாயே அமெரிக்காவிலிருந்து வந்த புதுச்சரக்கு என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். மிளகு போல உறைக்கும் காய் என்பதால்தான் அந்தப் பெயர்; அதற்கு முன் கறிக்கு உறைப்பு மிளகிலும் திப்பிலியிலும் இஞ்சியிலும் இருந்து வந்தது. கச்சான், சோளன், மரவள்ளி, பப்பாளி, கொய்யா, அன்னாசி, மரமுந்திரிகை என்று அட்லாண்டிக் சமுத்திரம் தாண்டி வந்தவற்றை அடுக்கிக்கொண்டே போக, "அப்ப எங்கட சேனையில எங்கட சாமான் என்னதான் இருந்தது?" என்று வவுணதீவுப் பையன் கோபித்துக்கொண்டான். குரக்கனைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அது ஆபிரிக்காவிலிருந்து மிகப் பழைய காலத்தில் வந்தது என்பது நினைவுக்கு வர, பேச்சை மாற்றிவிட்டேன்.

கடந்த கிழமை வந்த துண்டு கடலைப் பற்றியது. உலகின் முதலாவது விமானம் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலுக்குள் கிடக்கிறது என்பது உண்மையா என்று கேட்டிருந்தது. முதலாவது என்பதன் பொருளைப் பொறுத்தது என்று சொல்லவேண்டியதாயிற்று. விமானம் தாங்கியாகவே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட முதலாவது கப்பல், 1918இல் வேலை ஆரம்பித்த பிரித்தானியாவின் ஹேர்மிஸ். ஆனால் பிந்தித் தொடங்கிய யப்பானின் ஹோஷோ 1922 டிசெம்பரில் சேவைக்கு வந்து முந்திக்கொண்டது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே யப்பானியக் கப்பற்படை திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கியபோது, ஹேர்மிஸ் முதல் நாளே துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகியிருந்தது. திரும்பி வரும் வழியில் எங்கள் கரைக்கு நேரே அதைக் கண்டுவிட்டார்கள். விமானம் தாங்கிக் கப்பலில் அன்றைக்கு ஒரு விமானமும் இல்லை, எல்லாம் தரையில் நின்றன. அது சில நிமிடங்களில் தாழ, 307 பேர் இறந்தார்கள். கூடப்போன அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைக் கடலிலிருந்து தூக்கியது. தாக்கிய விமானங்களை ஏவிய கப்பற்படையின் அக்காகி, ஹிர்யூ, சோர்யூ ஆகிய மூன்று தாங்கிகளும் இரண்டு மாதத்துக்குள் மிட்வே சண்டையில் கடலுக்கடியில் போயின.

வகுப்பு முடிந்து, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தகப்பன் ஒருவர் படலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆழ்கடல் தொழில் செய்பவர். அந்த இடம் உங்களுக்குத் தெரியுமா என்றேன். "தெரியாம என்ன சேர், எத்தனை வலை அதில கிழிஞ்சிருக்கு" என்றார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, "தூண்டில் போட்டா நல்ல பாரை படும். வலையை மட்டும் அந்தப் பக்கம் இறக்கப்படாது" என்றார்.